கேட்காமல் விட்ட திட்டு

அந்தத் துணை மின்நிலையத்தில் ஆபரேட்டர் அக்காவிடம் திட்டு வாங்காமல் ஒரு லைன்மேனும் கம்பத்தில் ஏற முடியாது. ஏறினாலும் இறங்க முடியாது. இதைக் கேட்டு அவளை வாயாடி என்றோ சிடுமூஞ்சி என்றோ நினைத்துவிட வேண்டாம். வீட்டில் அவள் இருக்கும் இடம் தெரியாது. தையற்கடை வைத்திருக்கும் அவள் வீட்டுக்காரர்தான், "எல்லாத் திட்டையும் ஆபீஸ்லயே செலவழிச்சுட்டு வந்துடுற. கட்டின புருஷனுக்கு ஒண்ணாவது மிச்சம் வைக்கக் கூடாதா?" என்று ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே குறைப்பட்டுக்கொள்வார்.

அவள் திட்டுவது தொழிலுக்காக. அதைக் கொஞ்சம் விளக்கிச் சொன்னால்தான் மற்றது புரியும்.

துணை மின்நிலையத்திலிருந்து நகரத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு லைன் போகும். ஃபீடர் என்பார்கள். எங்கேயாவது கம்பி அறுந்தால், வேலை செய்யப் போகிற லைன்மேன் முதலில் அக்காவுக்குப் போன் போட்டு, "லைன் கிளியர் கொடுங்க" என்று கேட்க வேண்டும். அவள் அந்த ஃபீடரை நிறுத்துவாள். அதன் சுவிட்ச் கைப்பிடியில் சிவப்புப் பலகையை மாட்டுவாள். அந்த நிமிஷத்திலிருந்து லைன் அவன் பெயரில் இருக்கிறது என்று கணக்கு. வேலை முடிந்ததும் வாங்கிய அதே ஆள், தன் வாயால், "ரிட்டர்ன்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் பலகை இறங்கும், மின்சாரம் ஏறும். மந்திரியே வந்து நின்றாலும் வேறு வழி கிடையாது.

எல்லாம் சரி. ஆனால் போனில் எல்லாக் குரலும் ஒரே குரல்தான். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒருமுறை, ஒருத்தன் சொன்ன ரிட்டர்னை இன்னொருத்தன் சொன்னதாக நினைத்துக் கைப்பிடியைத் திருப்பிவிட்டார். கம்பத்தில் இருந்தவன் பிழைத்தான், அவன் வலது கை பிழைக்கவில்லை. அந்த மனிதர் வேலையை விட்டுப் போகும்வரை, மணி அடித்தால் போனை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருக்குப் பின்னால் வந்த அக்கா ஒரு காரியம் செய்தாள். லைன் கொடுக்கும்போதே கூடவே ஒரு திட்டும் கொடுத்துவிடுவாள். அந்தத் திட்டு அவளுக்கும் வாங்கியவனுக்கும் மட்டும்தான் தெரியும். ரிட்டர்ன் சொல்லும்போது அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பலகை இறங்காது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்த வழக்கத்தை லைன்மேன்கள் வேதமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"அக்கா, பஜார் ஃபீடர் ரிட்டர்ன்."

"யார் பேசுறது?"

"தூங்குமூஞ்சி பேசுறேன்க்கா."

"சரி, ஏத்துறேன்."

இப்படித்தான் நடக்கும். ஒரு குண்டு வயர்மேன் ஒருநாள் உண்மையிலேயே வருத்தப்பட்டான். "போன வாரமும் உதவாக்கரை, இந்த வாரமும் உதவாக்கரையா? மத்தவனுக்கெல்லாம் புதுசு புதுசா கொடுக்குறீங்க. எனக்கு மட்டும் பழசு." அவனுக்கு அன்றைக்கே 'ஓட்டை வாளி' என்று ஒன்று புத்தம்புதிதாகக் கிடைத்தது. அடுத்த தெருவரைக்கும் சிரித்துக்கொண்டே போனானாம்.

இதில் கொக்கு என்று பெயர் எடுத்த லைன்மேன் தனி ரகம். அவன் அப்படி உயரம், அப்படிக் கால். மற்றவன் ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு வருவதற்குள் இவன் பாதிக் கம்பத்தில் இருப்பான். அக்காவும் அவனும் நேரில் பார்த்துக்கொண்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் வருஷக்கணக்காகத் தினமும் பேசியிருக்கிறார்கள். கூடப் பிறந்தவன் ஒருத்தன் இருந்திருந்தால்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டான். கொக்கின் பெண்டாட்டி அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். கொக்கின் மகள், பால் பல் விழுந்த வாயோடு, 'போன் அத்தை' என்பாள். சாயங்காலம் அப்பன் சைக்கிளை நிறுத்துவதற்குள், "இன்னைக்கு அத்தைகிட்ட என்ன திட்டு வாங்கினீங்க?" என்று ஓடி வருவாளாம். அவன் சொல்ல, அவள் அதைத் தெருவில் இருக்கிற நாய் பூனைக்கெல்லாம் சூட்டுவாளாம்.

கொக்கின் ஆட்களில் ரேடியோ என்று ஒருத்தன். எந்தக் குரலையும் கேட்ட மாத்திரத்தில் பேசிவிடுவான். இன்ஜினியர் தொண்டையைச் செருமுவது, அக்கா "யார் பேசுறது?" என்பது, கொக்கு "அக்கோவ்" என்று இழுப்பது, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஒருமுறை கொக்கின் குரலில் அவளுக்கே போன் போட்டான். இரண்டாவது வார்த்தையிலேயே பிடித்துவிட்டாள். "டேய் ரேடியோ, கொக்கு பேசினா நடுவுல மூச்சு வாங்கும். நீ மூச்சே விடாம பேசுற. வை போனை."

புயல் அடித்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? அடித்தது. ஊரே கட்டிலுக்கடியில் கிடந்தது. விடிந்து பார்த்தால் நகரம், துவைத்துப் பிழியாமல் போட்ட துணி மாதிரி நனைந்து சுருண்டு கிடந்தது. மரங்கள் வீட்டு மாடிகளில் படுத்திருந்தன. கடைத்தெருப் பலகைகள் எல்லாம் யார் யார் வீட்டுக்கோ விருந்து போயிருந்தன. தாழ்வான தெருக்களில் படகு விட்டார்கள். தீயணைப்புக்காரர்கள் ரம்பத்தோடு இறங்கினார்கள். பள்ளிக்கூடங்களில் பாயை விரித்து ஆட்களைப் படுக்க வைத்தார்கள். துணை மின்நிலையத்தில் அக்காவின் முன்னால் இருந்த அத்தனை மீட்டர் முள்ளும் சுழியத்தில் விழுந்து கிடந்தது. அவளை மாற்றிவிட வர வேண்டியவரால் வழியில் மரம் விழுந்து வர முடியவில்லை. அவளே உட்கார்ந்திருந்தாள்.

முதல் போன் கொக்கினுடையது.

"அக்கோவ், இருக்கீங்களா, பறந்துட்டீங்களா?"

"நான் பறந்தா உனக்கு யாருடா லைன் கொடுக்கிறது? வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"கூரை போயிடுமோன்னு நான் கட்டில் காலைப் பிடிச்சுட்டு உட்கார்ந்தேன். பொண்ணு என் காலைப் பிடிச்சுட்டா. அவ அம்மா பொண்ணைப் பிடிச்சுட்டா. ரயில் மாதிரி இருந்தோம், போங்க." மூச்சு வாங்கினான். நடந்துகொண்டே பேசுகிறான் என்று தெரிந்தது. "ஆஸ்பத்திரி ஃபீடர் லைன் கிளியர் கொடுங்கக்கா."

"கம்பியே அறுந்து கிடக்கு. செத்த பாம்பை அடிக்க அனுமதி கேட்குறியா?"

"செத்ததுன்னு நினைச்ச பாம்புதான்க்கா கடிக்கும். நீங்களே சொன்னது."

அவள் பலகையை மாட்டினாள். "மரம் வெட்டுறவங்க வரட்டும், அவங்களோட சேர்ந்து போ."

"அவங்க ஆஸ்பத்திரி வாசல்ல வேலையை ஆரம்பிக்கட்டும். நம்ம ஆளுங்களும் அங்கதான் இருக்காங்க. நான் அதுக்குள்ள மில் சுவரோரமா லைனை ஒரு நடை பார்த்துட்டு வந்துடுறேன். ஆஸ்பத்திரியில பச்சைக் குழந்தைங்க வார்டை ஜெனரேட்டர்ல ஓட்டுறாங்களாம். அது இருமிட்டே ஓடுதாம்."

"தனியாவா போற? சாப்பிட்டியா முதல்ல?"

"வந்து சாப்பிடுறேன்."

"முந்திரிக்கொட்டை! எல்லாத்துக்கும் முந்திரிக்கொட்டை. அதான் உனக்கு இன்னைக்கு."

"இது ஏற்கெனவே கொடுத்ததுக்கா."

"அது இன்னும் தேயலை. வச்சுக்க. சரி, சீக்கிரம் முடிச்சுட்டு வா."

சிரித்துக்கொண்டே வைத்தான்.

பொழுது ஏறியது. ஆஸ்பத்திரி வாசலில் மரம் வெட்டியாயிற்று. சாய்ந்த கம்பம் நிமிர்ந்தது. கம்பி இழுத்துக் கட்டியாயிற்று. எல்லாம் முடிந்தது, கொக்கைத் தவிர. அவன் போன், 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு பெண் குரலில் திரும்பத் திரும்பச் சொன்னது. மதியம் ரேடியோ கூப்பிட்டான். ஒரு விளையாட்டும் இல்லாத குரல். "அக்கா, கொக்கண்ணன் உங்ககிட்ட பேசினாரா?"

"உங்ககூட இல்லையா?"

"இல்லக்கா. தேடிட்டுப் போறோம்."

அதன்பிறகு மணி நிற்கவில்லை.

"அம்மா, ஆஸ்பத்திரியிலருந்து பேசுறோம். வேலை முடிஞ்சுதுங்கிறாங்க, இன்னும் கரண்ட் வரலையே?"

"யாரும்மா அது ஆபரேட்டர்? நான் வார்டு உறுப்பினர் பேசுறேன். எல்லாரும் சேத்துல நின்னு வேலை பார்க்கிறாங்க. நீ ஒருத்தி கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்கியாமே?"

"தண்ணி மோட்டார் ஓடலம்மா. குடிக்க ஒரு சொட்டு இல்ல."

எல்லாருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "ஆள் இருக்கு லைன்ல." கடைசியில் இன்ஜினியர் கூப்பிட்டார். பாவம், அவர் வீட்டுத் தகரமும் பறந்துவிட்டது. பெண்டாட்டி பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார். தொண்டை கட்டி, குரல் கிழிந்த சாக்கு மாதிரி இருந்தது.

"நான் சொல்றேன்மா, ஏத்திடு. அவன் போன்ல சார்ஜ் போயிருக்கும்."

"நீங்க சொன்னா போதாது சார். கொக்கு சொல்லணும். இல்லைன்னா கொக்கைக் கண்ணால பார்த்துட்டு நீங்க சொல்லணும்."

"குழந்தைங்க சாகும்மா அங்க."

"இவனுக்கும் ஒரு குழந்தை இருக்கு சார்."

அவர் போனை வைத்துவிட்டார். ஜெனரேட்டர் இருமுவது அவள் காதிலேயே கேட்பதுபோல் இருந்தது. நடுவில் கொக்கின் பெண்டாட்டி வேறு கூப்பிட்டாள். "அண்ணி, அவரு பேசினாரா? போனே போகமாட்டேங்குது."

"வேலையில இருப்பான்மா. பேசினதும் நானே உனக்குச் சொல்றேன்."

சாயங்காலம் ஆகப் போகிற நேரம். வெளியில் வெயில் மஞ்சளாக அடித்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி. போன் அடித்தது. ரேடியோவின் நம்பர். அவள் எடுத்த எடுப்பிலேயே, அந்தப் பக்கம் வாய் திறப்பதற்குள், "கொக்கு? நீயாடா?" என்றாள்.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"ஆமாக்கா. நான்தான்."

"எங்கடா போய்த் தொலைஞ்ச? உயிரைக் கையில பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன் காலையிலருந்து!"

"போன் தண்ணியில விழுந்துடுச்சுக்கா. ரேடியோ போன்லருந்து பேசுறேன். ஆஸ்பத்திரி ஃபீடர் ரிட்டர்ன். ஆளு இறங்கியாச்சு, எர்த் கம்பியைக் கழட்டியாச்சு, சாமான் எடுத்தாச்சு."

அப்படியே கொக்கின் குரல். அடித்தொண்டைக் கரகரப்பு, 'அக்கா'வில் வருகிற அந்த இழுப்பு, எல்லாம் இருந்தது. "யார் பேசுறது?" என்று கேட்க வேண்டும். கேள்வி அவள் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வாயும் திறந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு வார்த்தை.

"சாப்பிட்டியாடா?"

"ம்."

"உன் பொண்டாட்டி பயந்து போயிருக்கா. நான் சொல்லிடவா?"

மறுபடியும் மூக்கு உறிஞ்சுகிற சத்தம். பிறகு, "சொல்லுங்க" என்றது குரல்.

"என்னன்னு சொல்ல?"

"வந்துடுவேன்னு சொல்லுங்கக்கா."

அவள் பலகையைக் கழற்றினாள், கைப்பிடியைத் திருப்பினாள். முள் தயங்கித் தயங்கி எழுந்து நின்றது. ஜன்னல் வழியே, தூரத்தில் எங்கோ ஒரு தெரு முழுக்க "ஓ" என்று கத்தியது கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ ஒரு நர்ஸ் போன் போட்டு அழுதுகொண்டே நன்றி சொன்னாள். கொக்கின் வீடும் அதே ஃபீடரில்தான் இருக்கிறது. அக்கா அங்கே கூப்பிட்டபோது பின்னால் மின்விசிறி கடகடவென்று சுற்றுவது கேட்டது.

"வந்துடுச்சு அண்ணி, வந்துடுச்சு! பேசினாரா?"

"பேசிட்டான். வந்துடுவேன்னு சொல்லச் சொன்னான். வந்ததும் முதல்ல சோத்தைப் போடு, சாப்பிட்டேன்னு சொல்றான், நான் நம்பலை."

"அடியே, அப்பாதான் லைட் போட்டாராம்டி!" என்று அவள் மகளிடம் கத்தினாள். மகள் குதிப்பது தரை அதிர அதிரக் கேட்டது. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. புயலுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். வீட்டுக்காரருக்கும் ஒரு போன் போட்டு, "நம்ம கொக்கு கிடைச்சுட்டான்ங்க" என்றாள். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் எதுவோ ஒன்று முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. தூக்கமில்லாததால் என்று நினைத்துக்கொண்டாள்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்ஜினியர் இறங்கினார், பின்னால் ரேடியோ. இடுப்புவரைக்கும் சேறு இரண்டு பேருக்கும். இன்ஜினியர் உள்ளே வந்து முதலில் பார்த்தது சுவரில் இருந்த முள்ளைத்தான்.

"வழியெல்லாம் லைட் எரியுது. யாரும்மா ஏத்தச் சொன்னது?"

"கொக்கு ரிட்டர்ன் சொன்னான் சார்."

அவர் அவளைப் பார்த்தார், திரும்பி ரேடியோவைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"கொக்கு இல்லம்மா" என்றார் இன்ஜினியர். "நேர்ல வந்து சொல்லணும்னுதான் வந்தேன். மில் சுவர் ஊறிப்போயிருந்திருக்கு. அவன் அதோரமா நடக்கும்போது அவன் மேலயே சரிஞ்சிருக்கு."

அவளுக்கு அந்த வாக்கியம் முழுதாகக் காதில் ஏறவில்லை. கைப்பிடியைத்தான் பார்த்தாள். "நான் கொன்னுட்டேன்" என்றாள். "ரிட்டர்ன் சொல்லிட்டு மறுபடி ஏறிட்டானா? நான் ஏத்தினப்ப கம்பியில இருந்தானா? நான் கொன்னுட்டேனா சார்?"

"இல்லக்கா!" ரேடியோ அலறிவிட்டான். "நீங்க ஏத்தறதுக்கு எவ்வளவோ முன்னாடியே போயிட்டாரு. காலையிலயே. டாக்டர் சொன்னாரு. நாங்க அவரைத் தூக்கி ஆஸ்பத்திரியில படுக்க வச்சுட்டுத்தான் வந்தோம்."

"அப்ப என்கிட்ட பேசினது?"

ரேடியோ சொன்னான். மனம் உடைந்தவன் பேச்சு, முன்னும் பின்னுமாக வந்தது. அவரை வைத்திருந்த அறைக்கு மேல் மாடியில்தான் குழந்தைகள் வார்டாம். ஜெனரேட்டர் நின்று நின்று ஓடியதாம். நர்ஸ்கள் குழந்தைகளின் மூச்சுக்குக் கையால் பம்ப் அடித்துக்கொண்டிருந்தார்களாம். இன்ஜினியர் ஜீப் எடுக்கப் போயிருந்தாராம். "உண்மையைச் சொல்லிட்டு, அண்ணன் போயிட்டாருக்கா, லைன் ஏத்துங்கன்னு கேட்கத்தான் போன் போட்டேன். சத்தியமா அதுக்குத்தான். நீங்க எடுத்ததும், 'கொக்கு, நீயாடா?'ன்னு கேட்டீங்க. அந்த மாதிரி நீங்க ஒருநாளும் கேட்டதில்ல. இல்லைன்னு சொல்ல வாய் வரலக்கா. ஆமான்னு வந்துடுச்சு. அவரு குரல்லயே வந்துடுச்சு."

பிறகு ஒருநாள் இதற்கு விசாரணை வந்தது. அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. தவறான ரிட்டர்னுக்கு லைன் ஏற்றியதற்காக அவளை நாற்காலியிலிருந்து எடுத்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். ரேடியோவைச் சில மாதம் வீட்டில் உட்கார வைத்தார்கள். ஆனால் அதெல்லாம் ஊர் நிமிர்ந்த பிறகு. கடைசித் தெருவுக்குக் கடைசி விளக்கு எரிகிறவரைக்கும் அவளையும் எடுத்துவிட்டால் முறை மாற்ற ஆள் இல்லை. வெளியூர்களிலிருந்து வந்து இறங்கிய லைன்மேன்கள், அவள் யாரென்றே தெரியாதவர்கள், "மேடம், ரிட்டர்ன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவளும் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு திட்டு கொடுத்து, ஒவ்வொருத்தனிடமும் அதைத் திருப்பிக் கேட்டாள். ஒருத்தனையும் விடவில்லை. அவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அன்றைக்கு, ரேடியோ சொல்லி முடித்ததும், அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வீட்டுக்கு யாராவது சொன்னீங்களா சார்?"

"இன்னும் இல்லம்மா."

"நான் சொல்லியிருக்கேன்."

"என்னன்னு?"

"வந்துடுவான்னு."

இன்ஜினியர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மாற்று ஆபரேட்டர் ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தார். அக்கா முகம் கழுவினாள். ரேடியோ கூடவே வருவேன் என்றான். அவள் ஜீப்பில் ஏறினாள், அவனும் பின்னால் ஏறிக்கொண்டான். ஜீப் போகிற வழியெல்லாம் ஆட்கள் மரக்கிளைகளை இழுத்து ஓரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜீப்பில் இருந்த மின்வாரியச் சின்னத்தைப் பார்த்து ஒரு தெருவில் கை தட்டினார்கள். "வாழ்க!" என்றுகூட ஒருத்தர் கத்தினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

கொக்கின் வீட்டு வாசலில் நனைந்த பாய் தலையணைகளெல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே பல்ப் எரிந்தது. பொழுது இன்னும் சாயவில்லை, இருந்தாலும் எரிந்தது. அடுப்பில் குளிக்க வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே கையை விரித்துப் படுத்திருந்த மகள், வந்தவளைக் கண்டதும் துள்ளி எழுந்தாள்.

"போன் அத்தை! அம்மா, போன் அத்தை நேர்லயே வந்திருக்காங்க!"

கொக்கின் பெண்டாட்டி முகம் மலர வெளியே வந்தாள். கையில் துவைத்து மடித்த துண்டு. "வாங்க அண்ணி, அவரு இன்னும்..." என்று ஆரம்பித்தவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். வாசலில் தலை குனிந்து நிற்கிற ரேடியோவைப் பார்த்தாள். துண்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"உள்ள வா" என்று அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள் அக்கா. அடுப்புப் பக்கத்தில் நின்று, சுவர் சரிந்ததைச் சொன்னாள். காலையிலேயே என்றாள்.

"காலையிலயா?" அவளுக்கு அழுகை வரவில்லை, குழப்பம்தான் வந்தது. "இப்பதானே பேசினாருன்னு சொன்னீங்க? வந்துடுவேன்னு சொன்னாருன்னு..."

"அது அவன் இல்லம்மா. ரேடியோ. நான் அவன்னு நினைச்சுட்டேன்."

"நீங்களா?" அவள் அக்காவையே பார்த்தாள். "எத்தனை வருஷமா அவரு குரலைக் கேட்குறீங்க. ரேடியோ பேசினா உங்களுக்குத் தெரியாதா அண்ணி?"

"தெரிஞ்சுது" என்றாள் அக்கா. அதைச் சொன்னபோதுதான் அவளுக்கே அது தெரிந்தது. "மூச்சு வாங்கலை. எங்கேயோ தெரிஞ்சுது. கேட்டா இல்லைன்னு ஆயிடும்னு கேட்காம விட்டுட்டேன்."

வெந்நீர் தளதளவென்று கொதித்தது. இரண்டு பேரும் அதை இறக்கவில்லை. கொக்கின் பெண்டாட்டி அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். துண்டை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுகை சத்தமில்லாமல் அவள் முதுகைத்தான் உலுக்கியது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தொடப் போனாள். அவள் கையைத் தள்ளிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, தள்ளிய கையையே பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"அவகிட்ட நான் எப்படிச் சொல்வேன்?" என்றாள். "அப்பா வர்றாரு, அப்பாதான் லைட் போட்டாருன்னு அக்கம்பக்கமெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கா. என்னால முடியாது. நீங்கதானே வருவாருன்னு சொன்னீங்க. நீங்களே சொல்லுங்க."

நியாயம்தான். அக்கா எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, மின்விசிறியின் கீழே, பெண்ணுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். போனில் ஆயிரம் பேரை அதட்டிய தொண்டை அவளுக்கு உதவி செய்யவில்லை. எப்படியோ சொன்னாள். சுவர் என்றாள், மழையில் ஊறியது என்றாள், அப்பாவுக்கு வலித்திருக்காது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

பெண் நம்பவில்லை. சின்னப் பிள்ளைகள் வக்கீல் மாதிரி.

"அப்பா உங்களுக்குப் போன் பண்ணாருன்னு அம்மா சொன்னாங்களே?"

"பண்ணினது அப்பா இல்ல கண்ணு. வேற ஒருத்தர்."

"திட்டைச் சொன்னாரா?"

அக்கா மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள்.

"திட்டைச் சொன்னாதானே நீங்க லைட் போடுவீங்க? அப்பா சொல்லியிருக்காரு. போன்ல வந்தவரு திட்டைச் சொன்னாரா, இல்லையா?"

"சொல்லலை கண்ணு."

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்கலை."

பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. கணக்கு தப்பாகப் போட்ட டீச்சரைப் பார்க்கிற மாதிரி ஒரு திகைப்பு. அவள் உதடு பிதுங்கியது. ஆனாலும் அழவில்லை. எழுந்து, நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டாள். அதன்மேல் ஏறி எட்டி, ஸ்விட்சை அணைத்தாள். மின்விசிறியையும் அணைத்தாள். அது சுற்றி ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்பா போட்டதுன்னுதான் நான் எரிய விட்டேன்" என்றாள். அதற்குப் பிறகுதான், நாற்காலியில் நின்றபடியே, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அக்கா அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். உள்ளேயிருந்து தாயும் தவழ்ந்த மாதிரி வந்து சேர்ந்தாள். ரேடியோ வாசல்படியில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரும் அவனை உள்ளே கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. வெளியில் பொழுது சாய்ந்து வந்தது. எதிர்வீடு, பக்கத்து வீடு, கோடி வீடுவரை விளக்கு எரிந்தது. எங்கோ ஒரு பாட்டுப் பெட்டிகூடப் பாட ஆரம்பித்திருந்தது.

பக்கத்து வீட்டம்மா வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை போல.

"ஏம்மா, தெரு பூரா வந்துடுச்சே, உங்க வீட்டுல மட்டும் வரலையா? உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லலையா நீ?"

ரேடியோ வாயைத் திறந்தான். எந்தக் குரலும் வரவில்லை.

அக்கா மடியில் இருந்த தலையை மெதுவாகத் தாய் மடிக்கு மாற்றினாள். எழுந்து வாசலுக்குப் போனாள்.

"வந்திருக்கும்மா" என்றாள். "நாங்கதான் அணைச்சு வச்சிருக்கோம். நீங்க கொஞ்சம் உள்ள வாங்க."